பட்டறையும் செயல்முறை ஏடும்: தமிழகத்தில் எஃகுக் குழாய்ப் பற்றவைப்பின் வரலாறு

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலை என்றதும் சந்தனக் காடுகளும், மலையாளிப் பழங்குடியினரும், அடிவாரத்துச் செங்கம் வட்டார நடுகற்களுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. இரும்புத் தொழிலின் வரலாற்றிலும் அந்த மலைச் சூழலுக்கு இரண்டு இடங்கள் உண்டு. தெற்கே திருவண்ணாமலையில் 1850களில் மரக்கரியால் எரிந்த ஓர் ஊதுலை இயங்கிச் சில ஆண்டுகளிலேயே அணைந்தது. மலைமேல் காவலூரில் 1986இல் 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைத் தாங்கும் எஃகுக் கட்டமைப்புடன் ஒரு தொலைநோக்கி நிறுவப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், இரும்பை இரும்போடு இணைக்கும் கலை கொல்லனின் கண்ணிலும் கையிலும் மட்டும் தங்கியிருந்த நிலையிலிருந்து, வெப்பநிலையும் வரிசையும் கால அளவும் ஏட்டில் எழுதப்பட்ட ஒழுங்காக மாறியது. அந்த மாற்றத்தின் தேவையை எஃகுக் குழாயைப்போல் தெளிவாகக் காட்டும் பொருள் வேறில்லை. ஏனெனில், குழாயின் இணைப்பில் பிழை நேரும் இடம், செய்தவனின் கண்ணுக்கு எட்டாத உட்புறமாகவே பெரும்பாலும் இருக்கிறது.

திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள கவுத்திமலை, வேடியப்பன்மலை ஆகியவற்றின் காந்தக்கல் எனப்படும் இரும்புத் தாது நெடுங்காலமாக அறியப்பட்டது. தமிழகத்தின் வடமேற்குப் பகுதிகளில் ஊருலைகள் சிறிய மண் உலைகளாகவே இருந்தன. அவற்றில் இரும்பு உருகி ஓடுவதில்லை. கசடு கலந்த பஞ்சுபோன்ற கட்டியாகத் திரண்டு வருவதைச் சம்மட்டியால் அடித்துக் கசட்டைப் பிழிந்தெடுத்த பின்னரே அது பயன்படும் இரும்பாகும். இரண்டு துண்டுகளை இணைக்கவும் கொல்லன் இதே வழியையே கையாண்டான். இரண்டின் முனைகளையும் வெண்சூட்டுக்குக் கொண்டுவந்து, அவற்றின் மேல் மணலையோ வெங்காரத்தையோ தூவி, மேற்பரப்பில் படிந்த ஆக்சைடுச் செதிலை உருக்கிக் கசடாக்கி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அடித்து அந்தக் கசடு வெளியேறும்படி செய்வான். ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி அடித்தால் கசடு உள்ளே சிறைப்படும். சூடு குறைந்தால் உலோகம் ஒட்டாது. கூடினால் எரிந்து பொரியும். ஆகவே, ‘செயல்முறை’ என்னும் சொல் தோன்றுவதற்கு முன்பே செயல்முறை இருந்தது. அது எழுதப்படவில்லை என்பதே வேறுபாடு. தீயின் நிறத்தைக் கண்டு சூட்டை அறிவது தந்தையிடமிருந்து மகனுக்குத் துருத்தியின் அருகிலேயே கைமாறியது.

இந்த மரபை ஆலைத் தொழிலாக்க முயன்றவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்திய நிறுவனத்தின் சென்னை ஆட்சிப் பணியிலிருந்த அவர், 1825இல் அதிலிருந்து விலகி, 1830 அளவில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை ஒன்றைத் தொடங்கினார். சேலத்துத் தாது படகுகளில் காவிரி, கொள்ளிடம் வழியாக அங்கே கொண்டுவரப்பட்டது. அதே 1825இல் இங்கிலாந்தில் கார்னீலியஸ் ஒயிட்ஹவுஸ் என்பவர், சூடேற்றிய இரும்புப் பட்டையை மணிபோன்ற வளையத்தின் வழியே இழுத்து, அதன் இரு ஓரங்களையும் ஒன்றோடொன்று அழுத்தி ஒட்டவைத்துக் குழாயாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். எரிவாயு விளக்குகளுக்காக நகரங்களெங்கும் குழாய் வேண்டியிருந்த காலம் அது. ஒட்டக்கூடிய இரும்பு எது, ஒட்டாதது எது என்னும் கேள்வி அப்போது வணிகக் கேள்வியாகவும் மாறியது.

அந்தக் கேள்விக்கு ஹீத் கண்ட விடை, பரங்கிப்பேட்டை ஆலையைவிட நெடுநாள் நிலைத்தது. எஃகை மூசையில் உருக்கும்போது மாங்கனீசும் கரியும் சேர்ந்த பொருளைச் சிறிதளவு இட்டால், தரம் குறைந்த இரும்பிலிருந்து வரும் எஃகும் அடிக்குத் தாங்குவதாகவும் இரும்போடு ஒட்டக்கூடியதாகவும் அமையும் என்று காட்டி, 1839இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். கத்தியின் அலகு உருக்கெஃகாகவும் அடித்தண்டு மலிவான இரும்பாகவும் இருக்கும்படி இரண்டையும் ஒட்டுவது இதனால் ஷெஃபீல்டு தொழிலாளருக்கு எளிதாயிற்று. காரணம் வேதியியலில் உள்ளது: எஃகிலுள்ள கந்தகம் இரும்போடு சேர்ந்தால் தாழ்ந்த வெப்பத்திலேயே உருகும் படலமாகி, உலோகத் துகள்களின் எல்லைகளில் பரவி, சூட்டில் வெடிப்பை உண்டாக்கும், மாங்கனீசு இருந்தால் கந்தகம் அதனோடு சேர்ந்து உருண்டைத் துகள்களாக அடங்கிவிடும். ஆனால் கண்டுபிடித்தவருக்குப் பயன் கிட்டவில்லை. மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் தனித்தனியே மூசையில் இட்டால் அது காப்புரிமையில் சொன்ன பொருளாகாது என்று வாதிட்ட ஷெஃபீல்டு உற்பத்தியாளர்களோடு ஆண்டுக்கணக்கில் வழக்காடி, முடிவு தெரிவதற்கு முன்பே 1851இல் அவர் இறந்தார்.

அவருக்குப் பின் 1853இல் உருவான கிழக்கிந்திய இரும்பு நிறுவனம், தென்னார்க்காட்டுத் திருவண்ணாமலையில் ஓர் ஊதுலையையும் காவிரிக் கரையில் மற்றொன்றையும் எழுப்பியது. இரண்டும் 1858இல் நின்றன; பரங்கிப்பேட்டை ஆலை 1866இலும், மலபார்க் கரையின் பேப்பூர் ஆலை 1867இலும் மூடப்பட்டன. தாது அருகிலேயே இருந்தும், நிலக்கரி இல்லாத நாட்டில் மரக்கரியை மட்டும் நம்பிய ஊதுலை காட்டை விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஜவ்வாது மலைச் சூழலில் இரும்பாலை வேரூன்றாமல் போனது இவ்வாறுதான். அதற்காக வருந்துவதா, மலைக்காடு ஓரளவேனும் தப்பியதற்காக ஆறுதல் கொள்வதா என்பதை வாசகர் தாமே முடிவு செய்யலாம்.

இரும்பு இணைப்பின் தரத்தைச் சட்டம் கேள்வி கேட்கத் தொடங்கியது கொதிகலனால்தான். 1863இல் கல்கத்தாவில் நேர்ந்த கொதிகலன் வெடிப்பில் பலர் இறந்ததை அடுத்து, 1864இல் வங்காளத்தில் கொதிகலன்களை ஆய்வுக்கு உட்படுத்தும் சட்டம் வந்தது. பிற மாகாணங்களும் தனித்தனியே சட்டம் இயற்றியதால் ஓரிடத்தில் ஏற்கப்பட்ட கொதிகலன் வேறிடத்தில் ஏற்கப்படாத குழப்பம் எழுந்து, 1923இன் இந்தியக் கொதிகலன் சட்டத்தில் போய் முடிந்தது. அதன் கீழ் 1950இல் வகுக்கப்பட்ட இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகள், கொதிகலனோடு இணைந்த நீராவிக் குழாய்களையும் அவற்றைப் பற்றவைக்கும் வெல்டரின் தேர்வையும் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்தன.

மின்வில் பற்றவைப்பு அதற்குள் உலகெங்கும் பரவியிருந்தது. மின்சாரம் பாயும் கம்பிமுனைக்கும் பணிப்பொருளுக்கும் இடையே எழும் வில்போன்ற சுடரின் வெப்பத்தால் இரண்டையும் உருக்கி ஒன்றாக்கும் இம்முறையில், தொடக்கத்தில் வெற்றுக் கம்பியே பயன்பட்டது. காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் உருகிய உலோகத்தில் கலந்து அதை நொறுங்கச் செய்ததால், பொறியாளர் பலர் இவ்விணைப்பை நம்ப மறுத்து ஆணி அறைந்த மூட்டையே நாடினர். சுவீடனின் ஆஸ்கர் செல்பெரி, கம்பியின் மேல் பூச்சு இட்டு, அது எரிந்து தரும் வாயுவும் கசடும் உருகிய உலோகத்தைக் காக்கும்படி செய்த பின்னரே நம்பிக்கை பிறந்தது. அமெரிக்காவில் ஹூவர் அணைக்காக 1930களில் 30 அடி விட்டமுள்ள நீர்க்குழாய்கள் அணைக்கு அருகிலேயே தகடுகளை வளைத்துப் பற்றவைத்துச் செய்யப்பட்டன. பற்றுகள் எக்ஸ் கதிரால் ஆராயப்பட்டு, குழாய்த் துண்டுகள் முழுவதுமாக உலையிலிடப்பட்டு, எஞ்சிய தகைவு நீக்கப்பட்டது. எஞ்சிய தகைவு என்பது, உருகிய கோடு குளிர்ந்து சுருங்கும்போது சுற்றியுள்ள குளிர்ந்த உலோகம் அதைச் சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்வதால் உள்ளேயே தேங்கிவிடும் இழுவிசை. அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கம், பற்றவைப்புச் செயல்முறைக்கும் வெல்டருக்கும் தனித்தனித் தகுதித் தேர்வு வகுத்த விதித்தொகுதியை 1940களின் தொடக்கத்தில் வெளியிட்டது. இன்று தமிழகத்துத் தொழிற்கூடங்களில் ‘செக்‌ஷன் நைன்’ என்று வழங்கப்படுவது அதுவே.

தமிழகத்தில் எஃகுக் குழாயின் கதை ஆவடியில் தொடங்குகிறது. அங்கே 1955இல் அமைந்த டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, பட்டையை வளைத்து ஓரங்களை மின்தடை வெப்பத்தால் ஒட்டும் குழாய்களைச் செய்தது. குழாயின் நீளவாட்டு மூட்டை எந்திரம் ஒரே சீராகப் போட்டுவிடும். இரண்டு குழாய்களை முனையோடு முனை சேர்க்கும் வட்ட மூட்டைத்தான் பணியிடத்தில் மனிதன் போட வேண்டியிருந்தது. அந்த வட்ட மூட்டு பல்லாயிரக்கணக்கில் தேவைப்பட்ட இடம் திருச்சிராப்பள்ளி. செக்கோஸ்லோவாக்கிய உதவியுடன் திருவெறும்பூரில் எழுந்து 1965இல் உற்பத்தியைத் தொடங்கிய உயரழுத்தக் கொதிகலன் ஆலை, பின்னர் பெல் நிறுவனத்தின் திருச்சிப் பிரிவாயிற்று. அனல்மின் நிலையக் கொதிகலன் ஒன்றின் நீர்ச்சுவர்களும் மீவெப்பச் சுருள்களும் குழாய்களால் ஆனவை. அவற்றில் ஒரே ஒரு மூட்டு கசிந்தாலும் மின்நிலையம் முழுவதும் நிற்கும். இந்த நெருக்கடியே, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 1975இல் அங்கே பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் அமையக் காரணம் எனலாம். ஆலையைச் சுற்றி எழுந்த சிறு தொழிற்கூடங்களும் அந்நிலையத்தின் பயிற்சியும் சேர்ந்து, வளைகுடா நாடுகளும் சிங்கப்பூரும் தேடும் வெல்டர்களின் ஊராகத் திருச்சியை ஆக்கின.

இனி, செயல்முறை என்பது உண்மையில் எதை ஆள்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். குழாயின் முனைகள் முதலில் சாய்வாகச் சீவப்படுகின்றன. இரண்டும் சேரும்போது வாய் அகன்ற பள்ளம் ஒன்று உருவாகிறது, அதன் அடியில் 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி விடப்படுகிறது. இவ்விடைவெளி குறைந்தால் உருகிய உலோகம் உட்புறம்வரை ஊடுருவாமல் விளிம்பு ஒட்டாதே நின்றுவிடும். கூடினால் உள்ளே சொட்டி, நீராவியின் ஓட்டத்தைத் தடுக்கும் முடிச்சாகும். பள்ளத்தின் அடியில் போடப்படும் முதல் தடத்தைத் தொழிலாளர் ‘ரூட்’ என்கின்றனர். உயரழுத்தக் குழாய்களில் அது பெரும்பாலும் ‘டிக்’ முறையில், அதாவது உருகாத டங்ஸ்டன் முனையும் ஆர்கான் வாயுவின் காப்பும் கொண்டு, கம்பியைத் தனியே ஊட்டிப் போடப்படுகிறது. மற்ற தடங்களில் நேரும் பிழையைத் தேய்த்தெடுத்துத் திருத்தலாம். உட்புறத்திற்கு வேறு எவ்வழியிலும் கை எட்டாது என்பதால், ரூட்டில் நேர்ந்ததைத் திருத்த மூட்டையே வெட்ட நேரும். நல்ல வெல்டர்கள் பள்ளம் சீவி, துரு போக்கி, இரண்டு முனைகளையும் நேர்நிறுத்தும் ஃபிட்டரின் வேலையைத் தம் வேலையைவிடக் கூர்ந்து பார்ப்பது இதனால்தான்.

மேல் தடங்களுக்குப் பூச்சுக் கம்பி, தொழில்வழக்கில் ‘ராடு’, பயன்படுகிறது. வலிமை வேண்டிய இடங்களில் கையாளும் குறை-ஹைட்ரஜன் ராடின் பூச்சு காற்றின் ஈரத்தை எளிதில் உறிஞ்சும். வில்லின் வெப்பத்தில் அந்த ஈரம் பிரிந்து ஹைட்ரஜனாகி உலோகத்துள் புகுந்து, மூட்டு குளிர்ந்து பல மணி நேரம் கழித்தும், சில வேளை இரண்டு நாள் கழித்தும் வெடிப்பை உண்டாக்கும். இதைத் தடுக்க, ராடுகளைச் சுமார் 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அடுப்பில் வாட்டி, சூடான பெட்டியிலேயே பணியிடத்திற்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்பது விதி. மிக மலிவான இந்த விதிதான் மிக அதிகமாக மீறப்படுகிறது. காலையில் எடுத்த ராடு மாலைவரை திறந்த கட்டாகக் கிடப்பதை எந்தக் கட்டுமானக் களத்திலும் காணலாம். மீறியதன் விளைவோ அன்றைக்குத் தெரிவதில்லை.

ஹீத்தின் மாங்கனீசு இங்கே மறுபடியும் வருகிறது, இம்முறை எதிர்முகத்தோடு. எஃகு எவ்வளவு எளிதில் பற்றவைக்கத் தக்கது என்பதை அளக்க, அதிலுள்ள கரியோடு மற்ற தனிமங்களின் தாக்கத்தையும் கூட்டிக் ‘கரிச்சமன்’ என்னும் எண் ஒன்றைக் கணிக்கும் வழியை டியர்டன், ஓ’நீல் என்னும் இருவர் 1940இல் முன்வைத்தனர். அதிலிருந்து கிளைத்து இன்று வழங்கும் வாய்பாட்டில் மாங்கனீசின் அளவில் ஆறில் ஒரு பங்கு கரியாகக் கணக்கிடப்படுகிறது. கந்தகத்தை அடக்கிய அதே தனிமம், அளவு மிகுந்தால், விரைவாகக் குளிரும் மூட்டை இறுகி நொறுங்கும் தன்மையுடையதாக்கும் என்பதே இதன் பொருள். எண் உயர உயர, பற்றவைப்பதற்கு முன்பே குழாயைச் சூடேற்றி, குளிர்வதை மெதுவாக்க வேண்டும். இன்றைய மின்நிலையங்களில் முதன்மை நீராவிக் குழாய்களுக்குப் பயன்படும் 9 விழுக்காடு குரோமியம் கொண்ட பி-91 எஃகில் இக்கட்டுப்பாடு உச்சத்தை அடைகிறது: முன்சூடு 200 டிகிரிக்குக் குறையக் கூடாது, தடங்களுக்கு இடையே வெப்பம் வரம்பு மீறி ஏறக் கூடாது, பற்றவைப்பு முடிந்ததும் 100 டிகிரி அளவுக்கு ஆறவிட்டு, அதன்பின் ஏறத்தாழ 760 டிகிரியில் மணிக்கணக்கில் வைத்திருந்து பதப்படுத்த வேண்டும். ஆறுமுன் பதப்படுத்தினாலும், பத வெப்பம் சில பத்து டிகிரி பிசகினாலும், எஃகின் உள்ளமைப்பு வேறாகிவிடும்.

இரிடியம்-192 ஐசோடோப்பின் கதிரால் படமெடுத்தால் இத்தகைய மூட்டு மாசற்றதாகவே தோன்றும். கதிர்ப்படம் வாயுக்குமிழையும், சிறைப்பட்ட கசட்டையும், ஊடுருவாத ரூட்டையும் காட்டும். உலோகத்தின் உள்ளமைப்பைக் காட்டாது, மெல்லிய வெடிப்பைக்கூடக் கதிரின் திசைக்கு ஏற்றபடிதான் காட்டும். தவறாகப் பதப்படுத்திய மூட்டு அழுத்தச் சோதனையிலும் தேறி, மீவெப்ப நீராவியின் கீழ் ஆண்டுகள் கழிந்த பின் மெல்ல நீண்டு கிழியும். தரத்தை ஆய்வாளரிடம் விட்டுவிடலாம், வேலையை விரைந்து முடிப்போம் என்னும் போக்கு பிழையாவது இந்த இடத்தில்தான். எழுதப்பட்ட செயல்முறை எவ்வாறு தகுதி பெறுகிறது என்பதையும் இதனோடு சேர்த்து நோக்க வேண்டும்: அம்முறைப்படி மாதிரி மூட்டு ஒன்று போடப்பட்டு, பட்டைகளாக வெட்டப்பட்டு, இழுத்தும் வளைத்தும் அழிக்கப்படுகிறது. அழிந்துபோன அந்த ஒரு மூட்டின் சான்றின் மேல்தான், அழித்துப் பார்க்க முடியாத ஆயிரம் மூட்டுகள் நம்பப்படுகின்றன. முறையை மாற்றிவிட்டால் அந்தச் சான்றுக்கும் களத்து மூட்டுக்கும் தொடர்பே இல்லாமற் போகும்.

காவலூர் தொலைநோக்கி இதே ஒழுங்கை வேறொரு தேவைக்காகக் கேட்டது. கோடைக்கானல் வான்நோக்ககத்தை நடத்திய வைணு பாப்பு, தெற்கு வானமும் தெரியும் இடம் தேடி ஜவ்வாது மலையைத் தேர்ந்து, 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு அங்கே பணியைத் தொடங்கினார். பெரிய தொலைநோக்கியை உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்பது அவர் உறுதி. அதன் ஆடி பெங்களூரில் இந்திய வான் இயற்பியல் நிலையத்தில் தேய்த்து மெருகேற்றப்பட்டது, எஃகுத் தாங்கமைப்பு மகாராட்டிரத்தின் வால்சந்த்நகர் ஆலையில் உருவானது. 1982இல் மறைந்த பாப்பு அதைக் காணவில்லை. 1986 ஜனவரி 6ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் தொடங்கிவைத்து அவர் பெயரைச் சூட்டினார். இத்தகைய கருவிக்கு நீராவியின் அழுத்தம் இல்லை, வெடிக்கும் அச்சமும் இல்லை. ஆனால் பல டன் எடையுள்ள குதிரைலாட வடிவத் தாங்கி விண்மீனைத் தொடர்ந்து மெல்லச் சுழலும்போது, அதன் வடிவம் மயிரிழையும் பிசகக் கூடாது. பற்றவைத்த எஃகில் தேங்கிய தகைவு, கடைசல் வேலைக்குப் பின்னோ ஆண்டுகள் கழித்தோ தளர்ந்தால், வட்டம் வட்டமாக இராது. அமெரிக்காவின் பாலோமர் மலையில் 200 அங்குலத் தொலைநோக்கிக்காக 1930களில் வெஸ்டிங்ஹவுஸ் பற்றவைத்த பெரும் தாங்கமைப்பில், வெப்பத்தால் தகைவு நீக்கிய பின்னரே கடைசல் தொடங்கியதற்குக் காரணம் இதுவே. அங்கே லாடத்தின் விளிம்பை, எடை ஏறியதும் சரியான வட்டமாக வளையும்படி, வேண்டுமென்றே சற்றுப் பிசகாகவே தேய்த்தனர். தகைவு நீங்காத எஃகில் இத்தகைய நுட்பத்திற்கு இடமே இல்லை.

திருச்சி ஆலையின் குழாய்ப் பணி பின்னர் புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயத்திலும் விரிந்து, மின்நிலையக் குழாய் அமைப்புகளுக்கென்றே ஒரு தனிப் பிரிவு 2013 ஆகஸ்டில் அங்கே நாட்டுக்கு ஒப்படைக்கப்பட்டது. 1923இன் சட்டத்திற்கு மாற்றாக 2025இல் புதிய கொதிகலன் சட்டமும் வந்துவிட்டது. இவற்றுக்கிடையே வெல்டரின் தேர்வு மட்டும் பெரிதும் மாறவில்லை. குழாயை 45 டிகிரி சாய்வாக அசையாமல் நிறுத்தி, வெல்டரே அதைச் சுற்றி வந்து, தலைக்கு மேலும் பக்கவாட்டிலும் கீழ்நோக்கியும் ஒரே மூட்டில் பற்றவைத்துக் காட்ட வேண்டிய ‘சிக்ஸ் ஜி’ தேர்வே இன்றும் கூலியைத் தீர்மானிக்கிறது. செயல்முறை ஏடு ஒருமுறை தகுதி பெற்றால், அதன் முதன்மைக் கூறுகள் மாறாதவரை ஆண்டுக்கணக்கில் செல்லுபடியாகும். வெல்டரின் தகுதியோ, அந்த முறையில் அவர் ஆறு மாதம் பற்றவைக்காமல் இருந்தால், அமெரிக்க விதித்தொகுதியின்படி காலாவதியாகிவிடுகிறது. கொல்லனின் மகன் துருத்தியின் அருகில் கற்ற அறிவை ஏடு வாங்கிக்கொண்டது உண்மை. கையின் பழக்கத்தை மட்டும் அதனால் வாங்கிக்கொள்ள முடியவில்லை என்பதை விதி வகுத்தவர்களே இவ்வாறு ஒப்புக்கொண்டிருக்கின்றனர்.